நகை கேள்வி-பதில்: நவஹோ வெள்ளி மாலை

அரிசோனாவில் வேலை பார்க்கும் மகள், நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் செய்யும் வெள்ளி மாலை ஒன்று வாங்கி வந்தாளுங்க. உருண்டை மணிகள், நடுவில் பிறை வடிவப் பதக்கம், அதில் நீலப் பச்சைக் கல். பூ வேலைப் பள்ளமெல்லாம் கருப்பாக இருக்குது. கொலுசு மெருகு போடும் பட்டறையில் கொடுத்து வெளுத்து வாங்கலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

கொடுக்க வேண்டாம். பள்ளத்தில் இருக்கும் கருப்பு அழுக்கு அல்ல. முத்திரை அடித்த கோடுகள் எடுப்பாகத் தெரிவதற்காக, பொட்டாசியம் சல்பைடு போன்ற கந்தகக் கரைசலால் கருக்கி, மேட்டை மட்டும் தேய்த்து வெளுப்பாக்கி இருப்பார்கள். மெருகுப் பட்டறையில் அமிலத்தில் முக்கி, பித்தளைக் கம்பி பிரஷால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்தால் மொத்த நகையும் ஒரே வெள்ளையாகிவிடும். வேலைப்பாடு தட்டையாகத் தெரியும். இன்றைய நவஹோ கலைஞர்கள் சிலர் கருப்பே வைக்காமல், பளபளப்பும் இல்லாமல், மங்கலான பட்டு மெருகில் விடுகிறார்கள். அதற்கும் பட்டறைச் சக்கரம் ஆகாது.

மணியின் மேட்டிலும் பழுப்பு ஏறியிருந்தால் அது காற்றில் உள்ள கந்தகத்தால் வந்தது. உலர்ந்த, மென்மையான பருத்தித் துணியால் மேட்டை மட்டும் துடைத்தால் போதும். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை, கடையில் விற்கும் வெள்ளி முக்கு திரவம் எதுவும் வேண்டாம். கல்லுக்கு அவை எமன். அந்த நீலப் பச்சைக் கல், அதாவது டர்க்காய்ஸ், நுண்துளை உள்ளது; கடினம் (10-க்கு) 5 முதல் 6 வரைதான். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வியர்வையும் உள்ளே இறங்கி நீலத்தைப் பச்சையாகவோ மங்கலாகவோ மாற்றும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மாலையைத் தொடவே வேண்டாம். கழற்றியதும் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் பட்ட இடத்தில் கருப்பு விழும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். அந்த உருண்டை மணியைத் தகட்டில் செய்து பார்க்கிறோம். சுடரால் ஊதிப் பற்றவைக்கும்போது சில மணிகள் வெடிக்கின்றன, சில நாள் கழித்து இணைப்பில் பச்சை கசிகிறது. எத்தனை டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி), என்ன அளவு, எங்கே தவறு?
– வாசகர், சேலம்

நவஹோ மக்கள் 1868-ல் சிறைமுகாமிலிருந்து சொந்த மண்ணுக்குத் திரும்பிய பிறகுதான் அவர்களிடம் வெள்ளி வேலை பரவலாக வேரூன்றியது. அப்போது அமெரிக்க, மெக்சிகோ நாணயங்களை உருக்கினார்கள். அமெரிக்க வெள்ளி நாணயம் 90 டச். இன்று 92.5 டச் தகடு. நீங்களும் அதையே எடுங்கள். கொலுசுக்குப் பயன்படுத்தும் குறைந்த டச் வெள்ளியில் செம்பு அதிகம்; அரைக் குண்டாக வளைக்கக் குழிக்கட்டையின் குழியில் அடிக்கும்போது விளிம்பு கிழியும்.

12 மி.மீ. மணிக்கு 0.5 மி.மீ. தகட்டில் 16 மி.மீ. வில்லை இரண்டு வெட்டுங்கள். முத்திரை வேலை இருந்தால் தட்டையாக இருக்கும்போதே எஃகுக் கட்டையில் அடித்துவிட வேண்டும். ஈயக் கட்டை வேண்டாம். ஒட்டிய ஈயத் துகள் சூட்டில் வெள்ளியை அரித்து ஓட்டை போடும். பிறகு நடுவில் 1.5 மி.மீ. துளை. உங்கள் மணி வெடிப்பதற்குக் காரணம் இந்தத் துளையைக் கடைசியில் போடுவதுதான் என்று தோன்றுகிறது. மூடிய குண்டுக்குள் மாட்டிய காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்தால் வெளியேற வழி வேண்டும்.

வில்லையை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி, தணித்து, முதலில் 18 அல்லது 20 மி.மீ. குழியில், பிறகு 16, கடைசியில் 12 என்று இறக்குங்கள். நேரே சின்னக் குழியில் அடித்தால் விளிம்பு சுருங்கி மடியும். அரைக் குண்டின் வாயைக் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் எட்டுப் போட்டுத் தேய்த்து, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒளிக்கீற்று தெரிந்தால் திரும்பத் தேயுங்கள். இடைவெளியைப் பற்றவைக்கும் பொடி நிரப்பும் என்று நம்ப வேண்டாம். வெங்காரம் தடவி, இரும்புக் கம்பியில் வரிசையாகக் கோத்து இறுக்கி, உருகுநிலை கூடிய வெள்ளிப் பொடி வைத்து ஊதலாம். பொடி சூடான பக்கமே ஓடும். ஆகவே சுடரை இணைப்பில் குத்தாமல் இரு பாதியையும் சுற்றிச் சூடேற்றுங்கள். 92.5 வெள்ளி 800 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் இளக ஆரம்பிக்கும், கை நிதானம் முக்கியம்.

பச்சைக் கசிவு, ஊதிய பிறகு மணியைச் சுத்தம் செய்யும் அமிலம் உள்ளே தங்கி, செம்போடு சேர்ந்து வருவது. இரும்புக் கம்பியை உருவிவிட்டுத்தான் அமிலத்தில் போட வேண்டும், இல்லாவிட்டால் செம்பு படிந்து மணி சிவக்கும். எடுத்த பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரில் கொதிக்கவிட்டு, நல்ல தண்ணீரில் மறுபடி கொதிக்கவிட்டு, துளை கீழ்நோக்கி இருக்கும்படி காயவையுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மணி ஒன்றுக்கு சுமார் 2 கிராம். 40 மணி கோத்தால் 48 செ.மீ. நீளம், 80 கிராம் எடை, பதக்கம் தனி. பருத்தி நூல் தாங்காது, முறுக்கிய எஃகுக் கம்பியில் கோத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செய்து பழகுவதும், உங்கள் பெயரில் விற்பதும் சரி. நவஹோ கைவேலை என்று சொல்லி அமெரிக்காவில் விற்பது அந்நாட்டு 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவையே தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஒரு ஏற்றுமதி ஆர்டருக்காக அந்த வார்த்தையைச் சீட்டில் அச்சடிக்காதீர்கள். அது அந்த மக்களின் பிழைப்பு.

பதக்கத்தில் கல் ஆடுகிறது. ஆசாரி ஊதிச் சரிசெய்து தருகிறேன் என்கிறார்.
– வாசகி, காங்கேயம்

கல்லோடு ஊதவே கூடாது. சூட்டில் டர்க்காய்ஸ் நிறம் மாறும், வெடிக்கும். இன்று விற்கும் கற்களில் பல, பிசின் ஏற்றி உறுதிப்படுத்தியவை, அவை கருகும். கல்லைச் சுற்றிய மெல்லிய வெள்ளிச் சுவரை மழுங்கிய எஃகுக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கமாக மெல்ல உள்ளே அழுத்தினாலே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். சில பழைய முறைப் பதக்கங்களில் கல்லுக்கு அடியில் மரத்தூள் மெத்தை இருக்கும். தண்ணீர் பட்டால் அது உப்பிக் கல்லைத் தள்ளும். நனைந்ததா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். நனைந்திருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகே சுவரை அழுத்தச் சொல்லுங்கள்.

பதக்கத்தின் பின்னால் இரண்டு எழுத்து மட்டும் இருக்குதுங்க, 925 இல்லை. போலியா?
– வாசகர், திருப்பூர்

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த எழுத்து செய்தவரின் முத்திரையாக இருக்கலாம். பழைய நகைகள் பலவற்றில் முத்திரையே கிடையாது. காந்தம் ஒட்டவில்லை என்பதும் சான்றல்ல, ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியில் நகையைக் கெடுக்காமல் பார்ப்பார்கள். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் பூசியிருந்தால் ஏமாற்றும். பின்பக்கத்தில் தேய்ந்த விளிம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டச் சரியாக வந்தாலும் அது வெள்ளிக்குத்தான் சாட்சி. யார் கை செய்தது என்பதற்கு, விற்றவர் கலைஞரின் பெயரும் இனமும் எழுதிக் கொடுத்த ரசீது வேண்டும்.