பதினோரு வயதான கணினிக்கு இன்னும் செலவு செய்யலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். என்னிடம் இருப்பது பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப் கணினி. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஸ்விட்ச் போட்டால் வேலைக்குத் தயாராக ஏழெட்டு நிமிடம் ஆகிறது. பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. சில வாரங்களாகத் தேதியும் நேரமும் தாமாகவே பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகின்றன. பழுது பார்ப்பவர், “மதர்போர்டு போகப்போகிறது, புதிதாக வாங்கிவிடுங்கள்” என்கிறார். என் தம்பியோ ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டாலே போதும் என்கிறான். இதற்கிடையில் கல்லூரியில் படிக்கும் என் மகள் இதே கணினியில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தேதி பின்னால் போவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அதுதான். இருப்பவற்றிலேயே மிகச் சிறிய குறையும் அதுதான். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கணினியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதற்காக மதர்போர்டில் நாணயம் போன்ற வட்டமான ஒரு பேட்டரி பொருத்தப்பட்டிருக்கும். சிஆர்2032 என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோவது இயல்பு. இரவில் கணினியை அணைத்துவிட்டுச் சுவரில் உள்ள ஸ்விட்சையும் அணைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் விரைவாகத் தீரும். தேதி தவறாக இருக்கும் நாட்களில் இணையதளங்கள் “இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்று உங்களை உள்ளே விடாமல் தடுத்திருக்கக்கூடும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் காலவரம்பைக் கணினி தன் தேதியைக் கொண்டே சரிபார்ப்பதால் வரும் தொல்லை அது. பேட்டரியை மாற்றிய பிறகும் கடிகாரம் பின்வாங்கினால் பழுது பார்ப்பவரின் சந்தேகத்தைப் பொருட்படுத்தலாம். அதற்கு முன் மதர்போர்டுக்கு மரணச் சான்றிதழ் எழுத வேண்டியதில்லை.

இனி மந்தம். கணினி திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிராசஸர், நினைவகம் (அதாவது ராம்), டிஸ்க் ஆகிய மூன்றுக்கும் எதிரே உள்ள சதவீதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் டிஸ்க் நூறையும் நினைவகம் தொண்ணூறையும் தொட்டுக்கொண்டிருக்க, பிராசஸர் முப்பது நாற்பதில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. அப்படி இருந்தால், குற்றவாளி என்று எல்லோரும் கைகாட்டும் அந்தப் பழைய பிராசஸர், உண்மையில் மற்ற இரண்டும் வேலையை முடித்துத் தரட்டும் என்று காத்திருக்கிறது.

காத்திருப்பதற்கான காரணம் ஹார்டு டிஸ்க்கின் அமைப்பிலேயே இருக்கிறது. மேசைக்கணினிகளில் பரவலாக உள்ள ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு தகவலைப் படிக்க வேண்டுமானால், அதைப் படிக்கும் முனை உரிய வட்டத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்தத் தகவல் இருக்கும் இடம் சுழன்று முனைக்குக் கீழே வரவேண்டும். இரண்டுக்கும் சேர்த்துச் சராசரியாகப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிநொடிகள் ஆகின்றன. கேட்பதற்குச் சொற்பம்தான், ஆனால் அந்தக் கணக்குப்படி, தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு எழுபது எண்பதுக்கு மேல் பொறுக்க முடியாது. விண்டோஸ் எழுந்து நிற்கும்போது பல்லாயிரம் சிறிய துண்டுகளைக் கேட்கிறது, உங்கள் ஏழெட்டு நிமிடமும் அந்தப் பொறுக்கலில்தான் போகிறது. எஸ்எஸ்டியில் சுழலவும் நகரவும் எதுவும் இல்லை. அதே நொடியில் அது ஆயிரக்கணக்கான துண்டுகளை எடுத்துத் தந்துவிடும். உங்கள் தம்பி இந்த அளவுக்குச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

ஆனால் எஸ்எஸ்டி மட்டும் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. 4 ஜிபி நினைவகத்தில் விண்டோஸும் வைரஸ் தடுப்பும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு, பிரவுசருக்கும் உங்கள் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கும் எஞ்சுவது மிகக் குறைவு. இடம் போதாதபோது விண்டோஸ், நினைவகத்தில் இருப்பவற்றில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்பப் படித்துக்கொள்கிறது. பத்தாவது பக்கத்தைத் திறந்ததும் கணினி உறைவது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் காட்டினாலும் அதை அங்கே விரட்டியது ராம் பற்றாக்குறையாக இருக்கலாம். எஸ்எஸ்டி இந்த வலியைக் குறைக்கும், போக்காது. மொழிபெயர்ப்பாளருக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. வாங்குவதற்கு முன், உங்கள் விண்டோஸ் 64 பிட் பதிப்புதானா என்று அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். 32 பிட் பதிப்பாக இருந்தால் நீங்கள் எத்தனை ஜிபி செருகினாலும் நான்குக்கு மேல் அது பயன்படுத்தாது.

உங்கள் தலைமுறைக் கணினிக்கு வேண்டியது டிடிஆர்3 வகை ராம். இப்போது எளிதாகக் கிடைக்கும் டிடிஆர்4, டிடிஆர்5 வகைகள் அதில் பொருந்தா. நானே ஒருமுறை விவரப்பட்டியலைச் சரியாகப் படிக்காமல் டிடிஆர்4 பட்டைகளை வாங்கி வந்து, கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அரைமணி நேரம் அவற்றைச் செருகப் பார்த்தேன். பட்டையின் அடியில் உள்ள பள்ளம் வேறிடத்தில் இருந்ததைக் கவனித்த பிறகுதான் புத்தி வந்தது. நல்லவேளையாக அழுத்தி உடைக்கவில்லை. டிடிஆர்3 புதிதாகக் கிடைக்காவிட்டால், பழைய கணினியிலிருந்து கழற்றியதைச் சோதித்து வாங்கிக்கொள்ளலாம். ராமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை இரண்டரை அங்குல சாட்டா வகையையே கேளுங்கள். பட்டை வடிவ என்விஎம்இ வகை வேகமானதுதான் என்றாலும், அதற்கான துளை உங்கள் மதர்போர்டில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

செலவு செய்யலாம் என்று நான் சொல்வது இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. பிராசஸரை மாற்றலாமா என்று யாராவது ஆசைகாட்டினால் இணங்காதீர்கள். உங்கள் மதர்போர்டு ஏற்பது அதே காலத்துப் பிராசஸர்களை மட்டுமே. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் மதர்போர்டை மாற்ற வேண்டும், மதர்போர்டை மாற்றினால் ராமை மாற்ற வேண்டும், பழைய பவர் சப்ளை தாங்குமா என்ற கேள்வி வரும், கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமமும் புதிய மதர்போர்டில் செல்லாமல் போகலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்காகிவிடும். கடைசியில் பழைய பெட்டிக்குள் ஒரு புதிய கணினியைத் துண்டு துண்டாக வாங்கியிருப்பீர்கள்.

உங்கள் தம்பி சொல்ல மறந்த ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் பிராசஸர்களில் சில விதிவிலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறை முதல்தான் அது அதிகாரபூர்வமாக ஏற்கிறது. உங்களுடையது நான்காம் தலைமுறை. இந்தச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. பிறரின் ஆவணங்களைக் கையாளும் நீங்கள் அந்த வழியில் போவதை நான் விரும்பவில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இந்த வன்பொருளில் தாராளமாக ஓடும், திருத்தங்களும் தொடர்ந்து வரும். அதை ஒரு பென் டிரைவில் போட்டு, கணினியில் எதையும் மாற்றாமலேயே ஓட்டிப் பார்க்க முடியும். உங்கள் மொழிபெயர்ப்பு மென்பொருள் பிரவுசரில் இயங்குவதாக இருந்தால் மாறிவிடலாம். விண்டோஸில் மட்டுமே இயங்குவதாக இருந்தால் இந்தக் கணினியில் உங்கள் தொழிலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, டிடிஆர்3 ராமுக்குக்கூடச் செலவு செய்யாதீர்கள்.

மகளின் வீடியோ எடிட்டிங்குக்கு என் பதில் தயக்கமில்லாத “வேண்டாம்”. இன்றைய கைபேசிகள் பலவும் எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய வீடியோவைத் தருகின்றன. அதை விரித்துக் காட்டுவதற்கான முழுமையான வன்பொருள் வசதி உங்கள் பிராசஸரில் இல்லாததால், எல்லாவற்றையும் அது மென்பொருள் வழியாகவே செய்து மூச்சுவாங்கும். இங்கே ராமும் எஸ்எஸ்டியும் கைகொடுக்கா. எடை குறைந்த நகல் கோப்புகளை வைத்து வெட்டி ஒட்டும் வழி இருக்கிறது என்றாலும், கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்குப் பொறுமைதான் முதலில் தீரும். அவளுக்காக ஒரு கணினி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், 16 ஜிபி ராமும் மேலும் சேர்ப்பதற்கு ஒரு காலித் துளையும் உள்ளதாகப் பாருங்கள். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட, அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினியும் நல்ல தேர்வே. ஆனால் ஒல்லியான பெட்டிகளில் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், பின்னர் கிராபிக்ஸ் கார்டு சேர்ப்பது கடினம்.

இப்போதைக்கு எஸ்எஸ்டியை மட்டும் தயங்காமல் வாங்குங்கள். நாளை புதுக் கணினி வந்தாலும் அதில் இரண்டாவது டிஸ்க்காக அதுவும் கூடவே போகும், பணம் வீணாகாது. ராம் அப்படி இடம்மாறாது என்பதால், லினக்ஸ் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே அதைப் பற்றி யோசியுங்கள். பெட்டியைத் திறக்கும் நாளில் தூசியை ஊதித் துடைத்துவிட்டு, மதர்போர்டில் சிறு பீப்பாய்கள் போல நிற்கும் மின்தேக்கிகளின் தலைப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியோ கசிந்தோ இருந்தால் மதர்போர்டைப் பற்றிப் பழுது பார்ப்பவர் சொன்னதே சரியாகிவிடும். அப்படியானால் எஸ்எஸ்டியைப் பொருத்தாமல் உறையோடு எடுத்து வையுங்கள். எல்லாம் சரியாக இருந்து மாற்றிய பிறகும், பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் இணைப்பை மட்டும் கழற்றி ஒரு மாதம் ஓரமாக வைத்திருங்கள். எந்தக் கோப்பை எடுத்துவைக்க மறந்தோம் என்பது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில்தான் நினைவுக்கு வரும்.