சின்னத் தோட்டா வேட்டைத் துப்பாக்கிகளுக்கு முதல் சப்ரஸர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டெக்சாஸில் பல வருடமாக முயல், கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு), காட்டுப்பன்றி என்று சின்னத் தோட்டா துப்பாக்கிகளோடுதான் சுற்றுகிறேன். சப்ரஸர், அதாவது குழல் முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் கருவி, வாங்குவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன, ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன். எல்லாம் அமெரிக்கச் சட்டத்தையும் இங்குள்ள வேட்டையையும் வைத்துச் சொல்வது.

கேள்வி: அண்ணா, என்னிடம் .22 எல்ஆர் ஒன்று, .17 ஹெச்எம்ஆர் ஒன்று, .223-ல் ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ஒன்று இருக்கிறது. அடுத்த வருடம் .243 வாங்க ஆசை. எல்லாவற்றுக்கும் ஒரே சப்ரஸர் போதாதா?

போதாது தம்பி. .22, .243 என்ற இந்த எண்கள் குண்டின் விட்டத்தைத் தோராயமாக அங்குலத்தில் சொல்பவை. துளை அளவை மட்டும் பார்த்தால் .243-க்கு வாங்குவது எல்லாவற்றுக்கும் பொருந்தும், தோட்டா தாராளமாக வெளியே போகும். பிரச்சினை ஈயத்தில் இருக்கிறது. .22 எல்ஆர் குண்டு பெரும்பாலும் மேலுறை இல்லாத ஈயம், அல்லது மெல்லிய செம்புப் பூச்சு போட்ட ஈயம். ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் ஈயம் சப்ரஸருக்குள் தங்கும். .223, .243-க்கான சப்ரஸர்களில் பல பற்றவைத்து மூடியவை, பிரிக்கவே முடியாது. அதில் .22 சுட ஆரம்பித்தால் உள்ளே ஈயம் ஏறிக்கொண்டே போகும், எடை கூடும், எடுக்க வழி இருக்காது.

இதையே திருப்பிப் பாருங்கள். .22-க்கென்று செய்த லேசான சப்ரஸரை .223-ல் மாட்டக் கூடாது. .22 எல்ஆரின் அழுத்த வரம்பு 24,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .223-க்கு 55,000. தயாரிப்பாளர் எந்தெந்தத் தோட்டாவுக்கு என்று எழுதியிருக்கிறாரோ அதற்கு மேல் ஒரு படி கூடப் போகாதீர்கள்.

ஆக, கடைசியில் இரண்டு வேண்டும். முதலில் எது என்றால், என் ஓட்டு .22-க்கு: பிரித்துக் கழுவக்கூடிய ரிம்ஃபயர் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் .22 போன்ற சின்னத் தோட்டா) சப்ரஸர், .17 ஹெச்எம்ஆருக்கும் .22 மேக்னத்துக்கும் சேர்த்து அனுமதி உள்ளதாக. ஸ்பேரோ, ஆக்குலஸ் போன்றவை அந்த வகை. ஒரே வாங்கலில் உங்களின் இரண்டு துப்பாக்கிக்கு ஆகிவிடும், விலையும் குறைவு. நீங்கள் அதிகம் சுடப்போவதும் .22-தான், மாட்டுவது, கழற்றுவது, கழுவுவது எல்லாம் அதில் பழகிவிடும். ராத்திரியில் கயோட்டிக்கும் பன்றிக்கும்தான் பெரும்பாலும் போகிறீர்கள் என்றால் மட்டும் வரிசையை மாற்றி .223-க்கு முதலில் வாங்குங்கள்.

கேள்வி: ரிம்ஃபயர் சப்ரஸரை எத்தனை ரவுண்டுக்கு ஒரு தரம் கழுவ வேண்டும்?

நான் முந்நூறைத் தாண்ட விடுவதில்லை. ஆரம்பத்தில் சோம்பலாக இருந்து ஆயிரத்துக்கு மேல் விட்டேன். கழற்ற உட்கார்ந்தால் பேஃபிள்கள் (உள்ளே வரிசையாக இருக்கும் தடுப்புத் தட்டுகள்) ஒன்றோடொன்று சிமென்ட் வைத்துப் பூசியது போல ஒட்டிக்கிடந்தன. இரவு முழுக்க எண்ணெயில் ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தன. முதல் பேஃபிள் மேல் சாம்பல் நிறத்தில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் பிசிறு பிசிறாக உதிர்ந்தது. அது அத்தனையும் ஈயம். அதனால் கையுறை போடுங்கள், சமையலறைத் தொட்டியில் கழுவவே கழுவாதீர்கள், அந்த நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்கும் முறை ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. ஈயம் கரையும், உண்மை. ஆனால் கரைந்து லெட் அசிடேட் ஆகிறது, கடும் நஞ்சு, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மிஞ்சும் தண்ணீரைக் கீழே ஊற்றவும் முடியாது. வீட்டில் வேண்டவே வேண்டாம். அலுமினிய பேஃபிளை அது அரித்தும் விடும். துருப்பிடிக்காத எஃகு பேஃபிள் உள்ளதாக வாங்கினால் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்க்கலாம், அல்ட்ராசோனிக் தொட்டியிலும் போடலாம். நூறு டாலர் கூடக் கொடுத்தாலும் எஃகுதான் என் தேர்வு.

கேள்வி: .223, .22-250, .243 மூன்றுக்கும் பொதுவாக வாங்க நினைக்கிறேன். .30 துளை வாங்கினால் எதிர்காலத்துக்கும் ஆகுமே என்கிறார் கடைக்காரர். சரியா?

தப்பில்லை. சின்னத் தோட்டாவைப் பெரிய துளையில் விட்டால் வாயு கொஞ்சம் சீக்கிரம் தப்பிக்கும், சத்தம் சில டெசிபல் கூடும், அவ்வளவுதான். .308 போன்ற பெரிய தோட்டாக்கள் பக்கம் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் .30 வாங்குங்கள். இல்லவே இல்லை என்றால் .243-ஐ விடத் துளையில் ஒரு படி பெரியது, 6.5 மில்லிமீட்டர் அளவு, போதும். நீளமும் எடையும் குறையும்.

சில சப்ரஸர்களில் முன்மூடியை மட்டும் கேலிபருக்கு ஏற்ப மாற்றலாம். வசதிதான், ஆனால் ஆபத்தும் அங்கேதான். .223 மூடி மாட்டியபடியே .243-ல் போட்டுச் சுட்டால் குண்டு மூடியைத் தாக்கலாம். ஒன்றுக்கு மேல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பெரிய மூடியை மாட்டி அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு டெசிபலுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

கேள்வி: டைட்டானியமா எஃகா?

போல்ட் ஆக்‌ஷனில் நாளுக்கு நாலு சூடு என்றால் டைட்டானியம். தோளில் சுமந்து நடக்கும்போது குழல் முனையில் இருக்கும் ஒவ்வொரு அவுன்ஸும் தெரியும். பிரெய்ரி நாய் என்னும் அணில் இன விலங்குக்குப் போய் மளமளவென்று நூறு சூடு என்றால் எஃகு. சூடான சப்ரஸரில் இருந்து எழும் அலை தொலைநோக்கியில் இலக்கை ஆட்டிக் காட்டும், அதற்குத் துணி உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழல் முனையின் திருகுமரை பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சப்ரஸர் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. அமெரிக்காவில் .22, .223 குழல் முனையில் பெரும்பாலும் 1/2-28 மரை இருக்கும், பெரிய கேலிபர்களில் 5/8-24. ஐரோப்பியத் துப்பாக்கிகளில் எம்14, எம்15 போன்ற மெட்ரிக் மரைகளும் வரும். குத்துமதிப்பாகச் சுற்றிப் பார்த்து "ஏறுதே" என்று விடாதீர்கள். மரையே இல்லாத குழல் என்றால் சப்ரஸர் வேலை தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் லேத்தில் வெட்டச் சொல்லுங்கள். மரை குழலின் வெளிப்பக்கத்தைப் பார்த்து வெட்டியதாக இருக்கக் கூடாது, உள்துளையின் மையத்தைப் பிடித்து வெட்டியதாக இருக்க வேண்டும். சப்ரஸர் வந்து முட்டும் தோள் பகுதி நேர்செங்கோணமாக இருக்க வேண்டும். நசுங்கும் வாஷர் போடவே கூடாது, கோணலாகிவிடும்.

இரண்டாவது சப்ரஸர் வாங்கும்போது பின்பக்கம் 1.375-24 மரை உள்ளதாகப் பாருங்கள், ஹப் என்று சொல்கிறார்கள். பல கம்பெனிகளின் மவுன்ட் அதில் ஏறும், துப்பாக்கி மாறினாலும் மவுன்ட் மட்டும் மாற்றினால் போதும்.

புதிதாக மாட்டியதும் சீரமைப்புக் கம்பி ஒன்றைக் குழலுக்குள் விட்டு, சப்ரஸர் வாயில் அது நட்ட நடுவில் தெரிகிறதா என்று பாருங்கள். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்த பிறகு. கம்பி ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தால் சுடாதீர்கள்.

கேள்வி: மாட்டினால் குறி தப்புகிறது என்கிறார்கள்?

தப்புவதில்லை, இடம் மாறுகிறது. முனையில் எடை ஏறியதும் குழல் அதிரும் விதம் மாறிவிடும். என் .223-ல் 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் கீழே போகும், தினமும் அதே ஒன்றரை அங்குலம். ஒவ்வொரு துப்பாக்கியிலும் சப்ரஸரோடு சுட்டு சீரோ செய்து (குறியில் விழும்படி தொலைநோக்கியைத் திருத்தி), எண்ணைத் தாளில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டிவிடுங்கள். பத்து சூட்டுக்கு ஒரு முறை கையால் முறுக்கிப் பாருங்கள் (சூடாக இருக்கும், கையுறையோடு). தளர்ந்த சப்ரஸரால் குறியும் கெடும், பேஃபிளிலும் குண்டு உரசும்.

கேள்வி: 200 டாலர் வரி எடுத்துவிட்டார்களாமே, இனி கடையில் போய் நேரே வாங்கலாமா?

வரி போய்விட்டது, பதிவு போகவில்லை. 1934 சட்டத்தில் வைத்த அந்த 200 டாலர் தொண்ணூறு வருடத்துக்கு மேல் அப்படியே இருந்து, 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்குப் பூஜ்யமானது. ஃபார்ம் 4 விண்ணப்பம், கைரேகை, போட்டோ, ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பு) ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒப்புதல் வரும்வரை பொருள் டீலரிடம்தான் இருக்கும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், இல்லினாய் உட்பட எட்டு மாநிலங்களில் தனிமனிதர் வைத்துக்கொள்ளவே முடியாது. கனெடிகட்டில் வைத்திருக்கலாம், வேட்டைக்குப் பயன்படுத்த முடியாது.

உங்கள் பெயரில் மட்டும் பதிந்தால் நீங்கள் இல்லாதபோது மனைவி கூட எடுத்துப் போக முடியாது. குடும்பமாகப் பயன்படுத்துவீர்கள் என்றால் டிரஸ்ட் (பலர் பெயரைச் சேர்க்கக்கூடிய சட்ட ஏற்பாடு) பெயரில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா சார்?

இதில் அவசரமே வேண்டாம். கூட்டரசுச் சட்டப்படி சப்ரஸரும் துப்பாக்கி என்ற கணக்கில்தான் வரும். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகளைத் தவிர. உரிமம் காலாவதியான மறுநாள் அந்த விலக்கும் இல்லை. நண்பருடையதை ரேஞ்சில் கையில் வாங்கிப் பார்ப்பதும் வைத்திருத்தலாகக் கருதப்படலாம். பிடிபட்டால் வேலையும் விசாவும் சேர்ந்து போகும். துப்பாக்கிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: பன்னிரண்டு வயது மகனைக் கூட்டிப் போகப் போகிறேன். சப்ரஸர் இருந்தால் அவனுக்குக் காதுக்கு எதுவும் வேண்டாம்தானே?

வேண்டும். .223-ன் வெறும் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், நல்ல சப்ரஸர் அதை 135 பக்கம் கொண்டுவரும். 140-க்கு மேல் ஒரே சூடு கூடக் காதைக் கெடுக்கலாம் என்பது கணக்கு, 135-ம் திரும்பத் திரும்ப வந்தால் நல்லதில்லை. ஒலியை விட வேகமாகப் போகும் குண்டு தன் வழியெல்லாம் சாட்டை போல வெடித்துக்கொண்டே போகும், அதைச் சப்ரஸர் தொடவே முடியாது.

சப்சோனிக், அதாவது ஒலியை விட மெதுவாகப் போகும், .22 குண்டை போல்ட் ஆக்‌ஷனில் சப்ரஸரோடு சுடும்போது மட்டும் விஷயம் வேறு. ஃபயரிங் பின் விழும் டிக் சத்தம் கேட்கும், அப்புறம் தூரத்தில் குண்டு மண்ணில் இறங்கும் சத்தம் கேட்கும். பையனை அதில் ஆரம்பியுங்கள், பயந்து கண்ணை மூட மாட்டான், நீங்கள் பக்கத்தில் மெதுவாகச் சொல்வதும் அவன் காதில் விழும். அப்போதும் இயர் மஃப் அவன் தலையில் இருக்கட்டும், பக்கத்தில் யார் எதைச் சுடுவார்கள் என்று தெரியாது.