பாறை ஏறும் பழைய புல்லட்

கேள்வி: தாத்தாவின் 1968 மாடல் புல்லட் 350-ஐ டிரையல்ஸ் வண்டியாக மீட்டெடுக்க ஆசை. உதிரிப் பாகங்களை எப்படித் தேடுவது?
– வாசகர், கூடலூர்

பதில்: நல்ல ஆசை தம்பி. கால் ஊன்றாமல் பாறையும் சேறும் கடப்பதுதான் டிரையல்ஸ். 1952-இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை ஜானி பிரிட்டன் வென்றது புல்லட்டில்தான்.

முதலில் எஞ்சின். புதிதாக வந்தபோது சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ. இப்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று லேத்காரர் அளந்து சொன்ன பிறகே பிஸ்டனும் ரிங்கும் வாங்குங்கள். நான் அளக்காமல் போலி ரிங் போட்டேன். நாடுகாணி சுரம் ஏறும்போது எஞ்சின் ஜாம் ஆகி, வழிக்கடவு வரை வண்டியை உருட்டிக்கொண்டே இறங்கினேன். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

மெதுவாக ஏற, எஞ்சின் அதிகம் சுற்றி, பின்சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்த்தது. அதனால் கியர்பாக்ஸில் பல் குறைந்த ஸ்பிராக்கெட் போடுங்கள். அதற்குக் கிளட்சைக் கழற்றியாக வேண்டும், அப்போதே பிளேட்டுகளையும் பார்த்துவிடுங்கள். முன்சக்கரம் 21 அங்குலம் நல்லது.

சென்னை புதுப்பேட்டை உதிரிப் பாகச் சந்தைக்கு ஓடுவதற்கு முன் நிலம்பூர், மஞ்சேரி பக்கம் பழைய ஒர்க்‌ஷாப்களில் கேளுங்கள். தேய்ந்த பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். அப்புறம், தாத்தாவின் மட்கார்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். கழற்றி, எண்ணெய் தடவி, பத்திரமாக வையுங்கள்.