சூப்பர்சார்ஜர் காருக்குப் பெரிய ஹீட் எக்ஸ்சேஞ்சர்: மலையில் ஓட்டுபவர் எதை வாங்கலாம்?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். பழைய ஆடி எஸ்4 ஒன்று வாங்கியிருக்கிறேன், 3.0 லிட்டர் வி6, சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளும் கருவி) வைத்தது. கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் பர்லியாறு வருவதற்குள் இழுவை குறைந்துவிடுகிறது. கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்சார்ஜர் காற்றின் சூட்டை வெளியேற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பெரிதாக மாட்டச் சொல்லி இரண்டு மாடல் காட்டினார்கள். ஒன்று 90 மி.மீ. தடிமன், பார் அண்ட் பிளேட் வகை (கனமான தகடுகளை அடுக்கியது), தண்ணீர் இரண்டு முறை குறுக்கே ஓடித் திரும்புவது. மற்றது 50 மி.மீ. தடிமன்தான், டியூப் அண்ட் ஃபின் வகை (குழாய்களும் நடுவே ஃபின் எனும் மெல்லிய தகடுகளும்), ஆனால் அகலமும் உயரமும் அதிகம். எதை வாங்கலாம்? எப்போதாவது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் போவேன்.

பதில்: இரண்டில் ஒன்று என்றால் 50 மி.மீ. உள்ளதை வாங்குங்கள். ஆனால் இன்றைக்கே பணம் கட்டிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

முதலில் பெட்ரோல். இந்த எஞ்சின் 95 ஆக்டேன் கேட்கும். டேங்க் மூடியின் உட்புறம் எழுதியிருக்கும், பாருங்கள்.  அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஏற்றத்தில் மிதித்தால், நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி எரிந்து தட்டுவது) வராமல் இருக்க ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், இக்னிஷனைத் தாமதப்படுத்தும்; சக்தி குறையும். காற்று சூடாகிச் சக்தி குறைவதும் பெரும்பாலும் இதே வழியில்தான் நடக்கிறது. ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டேங்க் காலியாகும் நேரத்தில் 95 ஆக்டேன் நிரப்பி, அதே மலையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

அடுத்தது உயரம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். டர்போ என்றால் வேகமாகச் சுழன்று ஓரளவு ஈடுகட்டும். சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவது. எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறதோ அதே விகிதத்தில்தான் அதுவும் சுற்றும். ஆகவே மேலே போகப் போகக் குறையும் சக்தியில் ஒரு பகுதியை எந்த ஹீட் எக்ஸ்சேஞ்சரும் திருப்பித் தராது. இதை யாராவது முன்பே சொல்லிவிட்டால் பலருக்குப் பணம் மிஞ்சும்.

இதற்குப் பிறகும் மீதி இருப்பது சூடுதானா என்பதை அளந்து பார்த்துவிடலாம். நல்ல ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் போனில் காட்டும் கருவி) ஒன்றை மாட்டி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். சீராக ஓடும்போது வெளிக்காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் என்றால் கவலை வேண்டாம். ஒருமுறை அழுத்தி மிதித்த பிறகு எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை நான் கவனிப்பேன். இறங்காமல் ஒவ்வொரு வளைவுக்கும் படிப்படியாக ஏறிக்கொண்டே போனால் அங்கேதான் பிரச்சினை.

ஏன் என்று சொல்கிறேன். காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், 60 சதவீதத் திறனுள்ள சூப்பர்சார்ஜரில், குன்னூரின் 18 டிகிரி காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். மேட்டுப்பாளையத்து 35 டிகிரி காற்று 130-ஐ நெருங்கும். உங்கள் காரில் சூப்பர்சார்ஜருக்குள்ளேயே இரண்டு சிறு கூலர்கள் இருக்கின்றன. அவை அந்தச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும். எலெக்ட்ரிக் பம்ப் அந்தத் தண்ணீரை முன்னால் இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தள்ளும். முழுதாக மிதிக்கும்போது 15 கிலோவாட் சூடு தண்ணீருக்குப் போகிறது, சுற்றில் நான்கு லிட்டர் கூலன்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடி மிதித்தால் தண்ணீர் ஐந்து டிகிரிதான் ஏறும். மலைப்பாதையில் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அதற்கு மேல் மிதிக்க இடம் ஏது? அந்த ஐந்து டிகிரியை அடுத்த வளைவுக்குள் வெளியேற்ற முடிகிறதா என்பதுதான் நம் ஊர்க் கேள்வி. முன்னால் அரசு பஸ் இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருக்க, நீங்கள் 20 கி.மீ. வேகத்தில் பின்னால் போகும்போது பம்பர் வழியாகக் காற்றே வராது. மின்விசிறி இழுப்பதுதான் காற்று.

90 மி.மீ. தடிமனை வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தத் தடிமனுக்குள் காற்றைத் தள்ள வேகம் வேண்டும். அது ஏசி கண்டென்சருக்கு முன்னால் உட்காரும். அதற்கும் பின்னால் மெயின் ரேடியேட்டர். மெதுவாக ஏறும்போது அது பின்னால் இருக்கும் இரண்டுக்கும் காற்றை மறைக்கும். ஏசி குளிர்ச்சி குறையும், எஞ்சின் கூலன்ட் சூடு ஏறும். தண்ணீர் இரண்டு முறை ஓடித் திரும்பும் அமைப்பு சூட்டை நன்றாக இறக்கும் என்பது உண்மை. ஆனால் அது தண்ணீர் ஓட்டத்துக்குத் தடையும் கூட்டும். கம்பெனி பம்ப்பை வைத்துக்கொண்டு அதை மாட்டினால் ஆதாயம் குறைந்துபோகும். அகலமும் உயரமும் அதிகமுள்ள மெல்லிய கோர் (சூட்டை இறக்கும் நடுப்பகுதி) புதுக் காற்றை அதிகப் பரப்பில் தொடுகிறது. குறைந்த வேகத்தில் அதுதான் ஜெயிக்கும்.

பார் அண்ட் பிளேட் கல்லடிக்குத் தாங்கும், அதை மறுக்கவில்லை. டியூப் அண்ட் ஃபினுக்கு பம்பர் உள்ளே ஒரு கம்பி வலை போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது ஃபின் நெருக்கத்தையும் பாருங்கள். ரொம்ப நெருக்கமாக இருந்தால் சவுக்கு இலையும் பூச்சியும் மழைக்காலச் சேறும் அடைத்துக்கொள்ளும், கழுவவும் கஷ்டம்.

கரி ட்ராக்குக்குக் கணக்கு வேறு. அங்கே வேகமும் உண்டு, சுற்றுக்குச் சுற்று சூடும் சேரும். ட்ராக்தான் முக்கியம் என்றால் தடிமனான கோரும் பெரிய பம்ப்பும் நியாயமான தேர்வு. நீங்கள் எப்போதாவது போகிறேன் என்கிறீர்கள், தினசரி ஓட்டம் மலையில். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை மிதிக்காமல் ஒரு சுற்று ஓட்டிக் குளிரவிட்டால் 50 மி.மீ. போதும்.

வாங்குவதற்கு முன் பம்ப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தப் பம்ப் நின்றுபோனாலும் எஞ்சின் வழக்கம்போல ஓடும், அதனால் பலர் கவனிப்பதே இல்லை. கார் நன்றாகச் சூடான பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். ஒன்று நல்ல சூடு, மற்றது நல்ல குளிர்ச்சி என்றால் தண்ணீர் மெதுவாக நகர்கிறது; பம்ப்பையோ ஏர்லாக்கையோ (குழாயில் சிக்கிய காற்று) சந்தேகியுங்கள். இரண்டுமே ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, சூடுதான் வெளியேறவில்லை. அப்போதுதான் புது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வேலை இருக்கிறது. அப்போதும் பழைய கோரின் முகத்தைக் கழுவி, பம்பருக்கும் கோருக்கும் நடுவே காற்று பக்கவாட்டில் நழுவும் இடைவெளிகளை ஃபோம் வைத்து அடைத்து, ஒருமுறை அளந்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பல கார்களில் நன்றாகவே தெரியும்.

புதுப் பாகம் வந்ததும் மாட்டுவதற்கு முன் ரேடியேட்டர் கடையில் தண்ணீரில் அமிழ்த்தி ஒரு பார் அழுத்தத்தில் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி வழியில் அடிபட்டிருக்கலாம்.

கூலன்ட் விஷயத்தில் அவசரம் வேண்டாம். உங்கள் காரில் சூப்பர்சார்ஜர் சுற்று, எக்ஸ்பான்ஷன் டேங்க் வழியாக எஞ்சின் கூலன்ட்டோடு சேர்ந்திருக்கிறது. ‘வெறும் தண்ணீர் நன்றாகக் குளிரும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைகுந்தாவில் உறைபனி விழுகிறது. உள்ளே துருவும் பிடிக்கும். கையேட்டில் சொன்ன கூலன்ட்டை, காய்ச்சி வடித்த தண்ணீரோடு, சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். ஏர்லாக் வராமல் இருக்க வேக்குவம் வைத்து நிரப்புவது நல்லது. அதைக் குன்னூரிலேயே செய்தால் வேக்குவம் கேஜ் கோவையில் காட்டும் அளவுக்கு இறங்காது; மெக்கானிக் அதைக் கசிவு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே காற்றழுத்தமே குறைவு. முள் ஒரே இடத்தில் சில நிமிடம் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

மாட்டிய பிறகு அதே மலை, அதே நேரம், அதே பெட்ரோலில் மறுபடி பதிவு எடுங்கள். காற்றின் வெப்பநிலையோடு எஞ்சின் கூலன்ட் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். முந்தையது இறங்கிப் பிந்தையது ஏறியிருந்தால் கோர் ரேடியேட்டரை மறைக்கிறது என்று அர்த்தம். பாகம் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்புறம், ஈசியூ ட்யூனிங் செய்யும் எண்ணம் இருந்தால் இந்தப் பதிவு கைக்கு வரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள்.