மறதி வந்துவிட்டது என்று எல்லாப் பொறுப்பையும் வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. "இனிமே எனக்கு எதுவும் ஞாபகத்துல நிக்காதும்மா" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். மாத்திரை, பேங்க் வேலை, கடை கண்ணி எல்லாவற்றையும் நாங்களே எடுத்துக்கொண்டோம். இப்போது முன்னைவிடச் சோர்ந்துபோயிருக்கிறார். நாங்கள் செய்தது சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அக்கறையில்தான் செய்தீர்கள். ஆனாலும் பாதியையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் உளவியலாளர்கள் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் செய்த ஆய்வு 1976-இல் வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைப்பது, எந்த நாள் சினிமா பார்ப்பது எல்லாம் உங்கள் முடிவு என்றார்கள். ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். அடுத்த மாடிக்கும் செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றியது நர்ஸ். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பு கூடியிருந்தது. 18 மாதங்களில் இறந்தவர்கள் அங்கே 47 பேரில் 7, மற்ற மாடியில் 44 பேரில் 13. ஆய்வில் ஆட்கள் குறைவு, புள்ளிவிவரக் கணக்கில் பிறகு திருத்தமும் வந்தது. அதனால் இறப்புக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுறுசுறுப்பு கூடியதுதான் உங்களுக்கு வேண்டியது.

நினைவாற்றலுக்கும் இது பொருந்தும். எப்படியும் மறந்துவிடும் என்று நம்புகிறவர், மனதில் பதியவைக்க முயல்வதையே விட்டுவிடுகிறார். பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் மார்ஜி லாக்மன் குழு கண்டதும் இதுதான்: நினைவு தன் கையில் இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள், சொற்களை வகைவகையாகப் பிரித்து மனதில் வைக்கிறார்கள், அதிகம் நினைவுகூர்கிறார்கள். உங்கள் மாமனாரும் 12 சாமான்களைக் காய்கறி, மளிகை, மருந்து என்று பிரித்துச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகட்டும். சீட்டு பையிலேயே இருக்கட்டும். வாங்கி முடித்த பிறகு பிரித்துச் சரிபார்க்கலாம்.

மாத்திரைக்கு, ஏழு நாளுக்கும் வேளைவாரியாக அறை பிரித்த டப்பா வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரே நிரப்பட்டும், நீங்கள் பிறகு பார்த்தால் போதும். ஒரு வேளை தவறினால் டப்பாவைப் பிடுங்காதீர்கள். அந்த வேளையைக் காபி, டிபன் போன்ற தினப்படிப் பழக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். இன்சுலினுக்கும் ரத்தத்தை இளக்கும் மாத்திரைக்கும் மட்டும் ஒவ்வொரு வேளையும் கூட ஒருவர் இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கொடுங்கள், கொடுத்ததைத் திரும்ப வாங்காதீர்கள். ஏனென்றால், முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்கள் எப்போது வந்து பார்க்க வேண்டும் என்பதை அங்கிருந்த சிலரே முடிவு செய்ய விட்டார் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர். நன்றாகத் தேறினார்கள். ஆய்வு முடிந்து வருகை நின்றதும், அந்த வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மோசமாகச் சரிந்தார்கள்.

இதற்கு நடுவே டாக்டரிடம் காட்டி பி12, தைராய்டு, காது கேட்கும் திறன், மனச்சோர்வு நான்கையும் பார்த்துவிடுங்கள். சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் தரும் சில மாத்திரைகளே மறதி தரும்.

கேள்வி: வயது 66. தெரிந்தவர் பெயர் சட்டென்று வருவதில்லை. டிமென்ஷியா என்கிற மறதி நோயா?
– வாசகர், மதுரை

பதில்: கொஞ்ச நேரம் கழித்துத் தானாக நினைவுக்கு வருகிறதென்றால் பயம் வேண்டாம். பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தினம் செய்த சமையலில் அடுத்து என்ன என்று திகைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம், அது குணமாகக்கூடியது.