வேரைத் தோண்டிப் பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தென்னை வேரில் 200 மில்லி சத்து டானிக்கைப் பையில் ஊற்றிக் கட்டி நான்கு நாள் ஆகிறது. பையில் அப்படியே நிற்கிறது. மரத்துக்கு நோயா? (பொள்ளாச்சி)

மரத்துக்கு ஒன்றுமில்லை, நீங்கள் பிடித்தது செத்த வேர். பென்சில் பருமனில், வெட்டினால் உள்ளே வெள்ளையாகவும் ஈரமாகவும் இருக்கும் இளம் வேராகப் பாருங்கள். மழுங்கிய அரிவாளால் நசுக்காமல், கூரிய கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டுமுனை பையின் அடிவரை போகவேண்டும். ஓலை வழியாக நீர் ஆவியானால்தான் வேர் இழுக்கும். மழை மூட்டத்தில் கட்டினால் இழுவை குறைவு. ஒரு நாளில் இறங்கவில்லையென்றால் வேறு வேருக்கு மாற்றுங்கள். நான்கு நாள் காத்திருப்பானேன்?

கேள்வி: விடியற்காலையில் நெல் இலை நுனியில் மட்டும் நீர்த்துளி நிற்கிறது. பனியா? (மன்னார்குடி)

இல்லை. பனி இலை முழுவதும் படியும். இது இரவில் வேர் அழுத்தித் தள்ளிய நீர். வேர் நன்றாக வேலை செய்கிறது, கவலை வேண்டாம்.

கேள்வி: பப்பாளிக்குத் தினமும் தண்ணீர் விட்டும் வாடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (ஓசூர்)

என்ன மண், வடிகால் உண்டா, தூரில் தண்ணீர் தேங்குகிறதா, ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்கிறீர்கள். வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான். வாடிய செடியைக் கண்டால் மோட்டாரைப் போடுவது நமக்குப் பழகிவிட்டது. வேர் நீரை எடுக்க உயிரோடு இருக்கவேண்டும், உயிரோடிருக்க அது மூச்சுவிட வேண்டும். மண்துகள்களுக்கு இடையே காற்று இருக்கவேண்டிய இடுக்குகளையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் மூச்சு ஏது? வேர் செல்களில் நீர் புகும் வாயில்களான அக்வாபோரின் புரதங்கள் மூடிக்கொள்ளும். தண்ணீருக்குள் நின்றபடியே செடி தாகத்தில் தலை தொங்கும். நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். பப்பாளிக்கு இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே கதை முடிந்தது.

மருந்தை விடுங்கள், மண்வெட்டியை எடுங்கள். தூரிலிருந்து ஓரடி தள்ளி, அரையடி ஆழம் தோண்டி ஒரு வேரைப் பிடித்து இழுங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்து, மண்ணும் உலர்ந்திருந்தால் தண்ணீர் பற்றவில்லை. பழுப்பேறி, மேல்தோல் விரலோடு உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அழுகல். பாசனத்தை நிறுத்தி வடிகால் வெட்டுங்கள். அடுத்த நடவு மேட்டுப்பாத்தியில் இருக்கட்டும்.

கேள்வி: மிளகாய்க்கு யூரியா வைத்ததும் செடி கருகிவிட்டது. கலப்பட யூரியாவா? (விளாத்திகுளம்)

எவ்வளவு வைத்தீர்கள் என்பதைச் சொல்லாமல் கடைக்காரர்மேல் பழி போடாதீர்கள். தூரில் குவித்தால் மண்ணிலுள்ள நீர் வேர்ச்சாற்றைவிடச் செறிவாகிவிடும். உப்பிட்ட மாங்காய் நீர் விடுவதுபோல வேர் தன் நீரை இழக்கும். தள்ளி வைத்து, மண் மூடி, தண்ணீர் விடுங்கள். உவர்நீர் பாய்ச்சி, ஈரமிருந்தும் பயிர் வாடுகிறது என்று எழுதிய இருவருக்கும் காரணம் இதேதான். மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: பெரிய மாமரத்துக்கு எங்கே நீர் பாய்ச்சுவது?

அடிமரத்தில் அல்ல. உச்சிவெயிலில் நிழல் விழும் விளிம்பையொட்டி. உறிஞ்சும் சல்லிவேர் அங்கேதான் மிகுதி.

கேள்வி: கத்தரி நாற்று நட்டதும் துவள்கிறதே?

பிடுங்கும்போது, நீரை உறிஞ்சும் மயிர்போன்ற வேர்த்தூவிகள் அறுந்துபோகின்றன. நாற்றங்காலை நனைத்துப் பிடுங்கி, மாலையில் நடுங்கள்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். என்ன நோய்?

மஞ்சளான ஓர் இலையின் படம். என்ன பயிர் என்றுகூடச் சொல்லவில்லை. தோண்டி, வேரைப் படமெடுத்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறீர்கள் என்பதோடு அனுப்புங்கள்.