உப்பில் புளிக்கும் காய்கள்: வாசகர் கேள்வி பதில்

ஐப்பசியில் முட்டைக்கோஸ் மலிவாகக் கிடைத்தது. நறுக்கி உப்புப் போட்டுப் பிசறி ஜாடியில் வைத்தேன். நாலாம் நாள் கொழகொழத்து நூல் கட்டிவிட்டது. ஏன்?
- வாசகி, காரைக்குடி

கைக்கணக்கில் உப்புப் போட்டிருப்பீர்கள். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது. தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். நறுக்கிய கோஸ் 1 கிலோவுக்கு 25 கிராம், கோடையில் 30. உப்புக் குறைந்தால், புளிக்க வைக்கும் லாக்டிக் பாக்டீரியா தலையெடுக்குமுன் மற்ற கிருமிகள் முந்திக்கொள்ளும். சூடு அதிகமானாலும் காய் நைந்துபோகும். நூல் கட்டியதைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மெல்லிசாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சாறு ஒழுக வேண்டும், அதுவே பதம். ஜாடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு முஷ்டியால் அமுக்குங்கள். சாறு காய்க்கு மேல் ஒரு விரற்கடை நிற்கட்டும். மறுநாளும் சாறு போதவில்லையா? லிட்டருக்கு 25 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சேருங்கள். மேலே ஒரு முழு கோஸ் இலை, அதன்மேல் வெந்நீரில் போட்டெடுத்த கருங்கல். சுண்ணாம்புக்கல் ஆகாது, புளிப்பில் கரையும். நுரைத்துப் பொங்கும், ஆகவே ஜாடியில் கால்பாகம் காலியாக இருக்கட்டும். மூடியை இறுக்கக் கூடாது.

அடுப்படியில் வைக்காமல் இரண்டாங்கட்டில், வெயில் படாத மூலையில் தரையோடு வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ருசி பாருங்கள். நம்மூர்ச் சூட்டுக்கு நாலைந்து நாளில் புளிப்பு ஏறிவிடும். பிறகு ஃப்ரிட்ஜ்தான்.

முள்ளங்கி, கேரட்டையும் இப்படியே போடலாமா?
- வாசகர், தேவகோட்டை

இவற்றில் பிசைந்து சாறு எடுப்பது வீண்வேலை. விரல் நீளத்துக்கு நறுக்கி, லிட்டருக்கு 40 கிராம் உப்புக் கரைத்த ஆறிய தண்ணீரில் மூழ்கவிடுங்கள். முள்ளங்கி ஜாடியைத் திறந்ததும் வீசும் கந்தக வாடை அதன் குணம், கெட்டதற்கு அடையாளம் இல்லை. கூடப் பூண்டு போட்டிருந்தால், அது நீலம் பாரித்தாலும் பயப்பட வேண்டாம்.

மேலே வெள்ளையாக ஆடை படிகிறதே?
- வாசகி, பள்ளத்தூர்

தட்டையாக, வழவழவென்று படர்ந்திருந்தால் அது ஈஸ்ட். வழித்தெடுத்துவிட்டு, வெளியே தலைகாட்டும் துண்டுகளை உள்ளே அமுக்குங்கள். பஞ்சு மாதிரி, பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பூஞ்சணம். அப்போது மேலாக எடுத்தால் போதாது, ஜாடி முழுவதும் போக வேண்டியதுதான்.

ஊறுகாய் மாதிரி நல்லெண்ணெய் ஊற்றி, ஆயா காலத்துப் பீங்கான் ஜாடியில் வெளியிலேயே வைக்கலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

கூடாது. எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சு சுரக்கும் பொட்டுலினம் கிருமிக்கு அதுவே வசதி. அதை அடக்குவது புளிப்பு: புளிப்பை அளக்கும் எண்ணான பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இறங்க வேண்டும். பி.எச். தாளில் 4 அல்லது அதற்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். எண்ணெய் ஆசைக்கு, பரிமாறும்போது கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டினால் போதும்.

பழைய ஜாடியின் மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால் இதற்கு எடுக்காதீர்கள். விரிசலில் கிருமி தங்கும். மெருகில் ஈயம் கலந்திருந்தால் புளிப்பு அதையும் கரைத்துவிடும். பித்தளை, அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். கண்ணாடி ஜாடியே நல்லது. உள்ளே நடப்பதும் தெரியும்.